நானூற்றுப் பதினேழின் பிறந்த நாள்

செவ்வாய்க்கிழமை மாலை 5.05 மணி. பெட்ரூசா துறைமுகத்தில், கப்பல் அலுவலகத்துக்கு எதிரே நிற்கும் மஞ்சள் பார்சல் அலமாரியின் முன்னால் ஒருவர் வந்து ஏழு இலக்கங்களை அழுத்தினார். கதவு திறக்கவில்லை. திரையில் மிகுந்த மரியாதையோடு ஒரு வாசகம் வந்தது: ‘உங்கள் பொருள் இன்று காலை 11.40-க்குப் பெற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி, மீண்டும் வருக.’

5.09-க்கு அந்த நபர் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினார். 5.30-க்கு அது என் மேசைக்கு வந்துசேர்ந்தது.

தீவின் ஒரே போலீஸ்காரன் நான். பெயர் சரான்டிஸ், சார்ஜென்ட், வயது ஐம்பத்தொன்று. இதற்கு முந்தைய என் பெரிய வழக்கு, காணாமல்போன ஒரு படகுத் துடுப்பு. நான்கு நாள் தேடினேன். நான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்ததே அதன்மேல்தான்.

செய்தியைக் கொண்டுவந்தவர் மெல்போ, ஏதென்ஸிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த செவிலி. ஐம்பது வயது, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, யார் சொல்வதையும் பாதியில் வெட்டாத பொறுமை. அந்தப் பொறுமையே எனக்குப் பயத்தைக் கொடுக்கும். பேசிப் பேசி நாமே மாட்டிக்கொள்வோம்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். பால்வினை நோய்க்குப் பரிசோதனை செய்துகொள்ள எங்கள் தீவில் ஒரு சுகாதார நிலையம் உண்டு. அங்கே காத்திருப்பவர்களுக்கான பெஞ்சு சாலையைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. எதிரே ஸ்டமாட்டாவின் காப்பிக்கடை. பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், உங்களுக்கு என்ன வியாதி என்பது உங்களுக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே யாரும் போவதில்லை. ஏதென்ஸில் ஓர் ஆராய்ச்சிக் குழு இதற்கு வழி கண்டுபிடித்தது. கைப்பேசியில் கேட்டால் பரிசோதனைப் பெட்டி கப்பலில் வரும். அதில் பெயர் இருக்காது, எண் மட்டும். வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பலாம். முடிவு கைப்பேசியில், டாக்டர் திரையில், மருந்து பார்சல் அலமாரியில். இப்படிச் செய்தால் வராதவர்கள் வருவார்களா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நானூறு பேர் உள்ள தீவில் மூன்று மாதத்தில் அறுபத்தொரு பேர் பெட்டி கேட்டார்கள். கணினி கெட்டுவிட்டது என்று ஏதென்ஸில் முதலில் நினைத்தார்களாம்.

பயன்படுத்தியவர்களைப் பேட்டி காண்பதற்காக மெல்போ ஸ்டமாட்டாவின் கடை மாடியில் இரண்டு வாரமாகத் தங்கியிருந்தார். மாடிப்படி ஏறினால் ஊர் பார்க்குமே, அதனால் பேட்டிகளும் திரையில்தான். மேலே அவர். கீழே அதே கடையில் காப்பியை வைத்துக்கொண்டு, காதில் கருவியைச் செருகிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி முணுமுணுக்கும் அவர்கள். நடுவில் நான்கு அங்குல மரத்தளம். குரல் மட்டும் ஏதென்ஸ்வரை போய்த் திரும்பி வந்தது.

மெல்போ செய்தியைப் படித்துக் காட்டினார்.

‘என் மருந்தை யாரோ எடுத்துவிட்டார்கள். வேறு மருந்து அனுப்ப வேண்டாம். மருந்து போனது பெரிதில்லை, யாருக்கோ என்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது. நான் பதிந்த பிறந்த நாள் பொய். என்னைப் பெற்ற தாய்க்குக்கூட அந்தத் தேதி தெரியாது. பிறகு எப்படித் திறந்தார்கள்? வியாழக்கிழமைக் கப்பல் கிளம்புவதற்குள் எனக்குப் பதில் வேண்டும். இல்லாவிட்டால் அதே கப்பலில் போய்விடுவேன், திரும்ப மாட்டேன். 417.’

“யாருங்க இது?” என்றேன்.

“எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“அது உங்களுக்கு எதுக்கு? மருந்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

அவர் எனக்குச் சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னார். நோய் கிளமிடியா. ஏழு நாள் மாத்திரை, அதோடு தீர்ந்துபோகும். சாப்பிடாமல் விட்டால்தான் பின்னால் தொல்லை. 417-இன் வேண்டுகோளின்படி திங்கட்கிழமையன்று ஒரே ஒரு கைப்பேசி எண்ணுக்குப் பெயரில்லாத அறிவிப்பு போயிருக்கிறது: ‘உங்களோடு நெருக்கமாக இருந்த ஒருவருக்கு நோய் உறுதியாகியுள்ளது, நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.’ அந்த எண் யாருடையது என்று பார்க்க மெல்போவுக்கு அனுமதி கிடையாது. அலமாரியைத் திறக்க மூன்று இலக்கம் பெட்டி எண், நான்கு இலக்கம் பிறந்த தேதியும் மாதமும். மூன்று முறை தவறினால் ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும்.

6.15-க்குப் பார்சல் நிறுவனத்திலிருந்து பதிவு வந்தது. ‘செவ்வாய், 11.40. அழுத்திய எண் 417 0605. முதல் முயற்சியிலேயே திறந்தது.’

அலமாரிக்கு மேலே ஒரு கேமரா உண்டு. ரகசியம் காக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக் குழுதான் அதைத் திருப்பிவைக்கச் சொல்லியிருந்தது. மூன்று மாதமாக அது ஒரு கடற்பறவையின் குடும்ப வாழ்க்கையைப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆக, வழக்கு இது. திருடு போனது என்னவென்று யாரிடமும் சொல்லக் கூடாது. யாருடையது என்று எனக்கே தெரியக் கூடாது. உலகில் எவருக்கும் தெரியாத ஒரு தேதியை ஒருவன் முதல் முயற்சியிலேயே அழுத்தியிருக்கிறான். எனக்கு அந்தத் துடுப்பின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

மாலை 7.00. ஸ்டமாட்டாவிடம் போனேன். அவர் என் அம்மாவோடு பள்ளியில் படித்தவர். என்னை அரைக்கால் சட்டையில் பார்த்தவர் என்பதை நான் மறக்க அவர் விட்டதே இல்லை.

“இன்னிக்குக் கப்பல் வந்த நேரத்துல அந்த மஞ்சப் பெட்டிகிட்ட யாரெல்லாம் போனாங்க?”

“எதுக்குடா கேக்குற?”

“சொல்லக் கூடாது.”

“என்ன காணோம்?”

“அதுவும் சொல்லக் கூடாது.”

“யாரோடது?”

“எனக்கே தெரியாது.”

“அப்ப ஒண்ணுமே காணாமப் போகலேன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போ. எப்பவும் அதத்தானே பண்ணுவ.”

இருந்தாலும் சொன்னார். பதினொன்றரைக்குக் கப்பல் வந்ததிலிருந்து பன்னிரண்டு வரை அலமாரி அருகே போனவர்கள் நான்கு பேர். சாம்பிராணிக் கரி வாங்க வந்த பாதிரியார் ப்ரோகோபிஸ். மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பல்சக்கரம் வாங்க வந்த ரொட்டிக்கடை யோர்கிஸ். வந்த பார்சல்களை அறைகளில் அடுக்கிய துறைமுகப் பொறுப்பாளர் இக்னாதிஸ்.

“நாலாவது?”

“நீதான்.”

உண்மைதான். தூண்டில் நரம்பு வரவழைத்திருந்தேன் என்றேன். தூண்டில் நரம்பு அவ்வளவு மெத்துமெத்தென்று இருக்காது என்றார் ஸ்டமாட்டா. அது தொப்பையைச் சுருக்கும் பெல்ட். மெல்போ மாடிப்படியில் நின்று இதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன் காலை 9.10. பாதிரியார். தன்னிடம் பிறர் சொன்னது எதையும் சொல்ல முடியாது என்றார் அவர். என்னாலும் எதையும் சொல்ல முடியாது என்றேன் நான். பத்து நிமிடம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ரகசியம் காத்துவிட்டு, கைகுலுக்கிப் பிரிந்தோம்.

காலை 10.00. இக்னாதிஸ். நாற்பத்து நான்கு வயது, கல்யாணமாகாதவன், வாரத்தில் பேசும் சொற்களை எண்ணிவிடலாம். செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாள் கப்பல் வரும். அந்த நாட்களில் கயிறு பிடிப்பான், பார்சல் இறக்குவான். மற்ற நாட்களில் அலுவலக ஜன்னல் வழியாக அந்த மஞ்சள் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்று கழுத்துவரை இழுத்து மூடிய துறைமுக ஜாக்கெட் போட்டிருந்தான். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

“நேத்து முப்பத்தோரு பார்சல். நம்பரப் பாப்பேன், கதவத் திறப்பேன், வைப்பேன். அவ்ளோதான்.”

ஜூன் மாதத்தில் எதற்கு ஜாக்கெட் என்றேன். காற்று என்றான். வெளியே கொடியில் தொங்கிய என் வீட்டுப் படுக்கை விரிப்பு அரை அங்குலம்கூட அசையவில்லை. குளிர் தாங்காத உடம்பு போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காலை 11.15. மெல்போ ஒரு தாளோடு வந்தார். ஆராய்ச்சி அட்டவணைக்காக ஏதென்ஸிலிருந்து வாங்கியது. அறுபத்தொரு பேரும் பதிந்த பிறந்த நாட்கள், பெயரும் எண்ணும் இல்லாமல்.

“இதப் பாருங்க. எனக்குத் தலை சுத்துது.”

ஆகஸ்ட் பதினைந்தில் பதினான்கு பேர் பிறந்திருந்தார்கள். டிசம்பர் ஆறில் ஒன்பது பேர். அக்டோபர் இருபத்தாறில் எட்டு. மே இருபத்தொன்றில் ஏழு. இத்தனை பேர் ஒரே நாளில் பிறக்க, எங்கள் ஊர் மருத்துவச்சி எப்படி ஓடியிருப்பாள் என்று கேட்டார் மெல்போ.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு விஷயம் மற்றவர்களுக்கு முன்னால் விளங்கியது. எங்கள் ஊரில் பிறந்த நாளை யாரும் நினைவில் வைப்பதில்லை. பெயருக்கு உரிய புனிதரின் நாள்தான் நாள். யாரும் யாரையும் அழைப்பதில்லை. அன்று கதவைத் திறந்துவைத்துவிட்டால் ஊரே வந்து சாப்பிட்டுப் போகும். உண்மையான பிறந்த நாளை மறைக்க நினைத்த அறுபத்தொரு பேரும் வேறு ஒரு தேதியைப் போட்டிருக்கிறார்கள். பெட்ரூசாக்காரனிடம் ஏதாவது ஒரு தேதி சொல் என்றால் அவனுக்கு வேறு எந்தத் தேதி வாயில் வரும்? மரியாக்கள் எல்லாம் ஆகஸ்ட் பதினைந்து. நிகோஸ்கள் எல்லாம் டிசம்பர் ஆறு. உலகத்திலேயே மிக ரகசியமான பூட்டு, சாவி ஊரெல்லாம் தொங்குகிறது.

மெல்போ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருட உழைப்பில் உருவான ரகசிய ஏற்பாடு என்றார் மெல்லிய குரலில்.

நான் நிறுத்தவில்லை. 0605, அதாவது மே ஆறு. யோர்கிஸ்களின் நாள் ஏப்ரல் இருபத்து மூன்று. ஆனால் அது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்குள் விழுந்தால் ஈஸ்டருக்கு மறுநாளுக்குத் தள்ளிப்போகும். இந்த வருஷம் அது மே ஆறு, திங்கட்கிழமை. ஆகவே 417 தீவிலுள்ள ஏழு யோர்கிஸ், யோர்கியாக்களில் ஒருவர். ஏழு பேருக்கும் அன்று கேக் செய்தவன் ரொட்டிக்கடை யோர்கிஸ். சம்பவ இடத்திலும் இருந்தவன். போதாதா?

மெல்போ எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் படியிறங்கிவிட்டேன்.

மதியம் 12.05. ரொட்டிக்கடை.

“மே ஆறாந்தேதின்னா உனக்கு என்ன ஞாபகம் வருது?” என்றேன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“என் பேர்த் திருநாள். நீதானே மூணு தட்டு கறி தின்னுட்டு என் சோபாவுல தூங்கின?”

“அந்தத் தேதி வேற யாருக்குத் தெரியும்?”

“ஊருக்கே தெரியும். ஊரே வந்துதே. வராதது ரெண்டே பேரு. அதுக்கு என் பொண்டாட்டி இன்னிக்கும் திட்டிட்டு இருக்கா. உனக்கு என்ன வேணும் இப்ப?”

அவன்மேல் சந்தேகம் இருப்பதாகச் சொன்னேன். எதற்கு என்றான். சொல்லக் கூடாது என்றேன். மாவுக் கையோடு வாசலைக் காட்டினான்.

நடைமுறைப்படி மற்றவர்களிடமும் மே ஆறு எங்கே இருந்தார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதினேன். பாதிரியார்: யோர்கிஸ் வீடு, ஆசீர்வதித்தேன், சாப்பிட்டேன். ஸ்டமாட்டா: யோர்கிஸ் வீடு, காப்பி போட்டேன். இக்னாதிஸ்: கப்பல் கயிறு வேலை, போக முடியவில்லை. நான்: சோபா.

வியாழன் காலை 8.00. தினமும் என் வீட்டுக் கதவில் தொங்கும் ரொட்டிப் பை அன்று தொங்கவில்லை. என் மனைவி அர்ஜிரோ பழைய ரஸ்க்கை என் முன்னால் வைத்தாள்.

காலை 9.20. காப்பிக்கடை மாடி. கப்பல் வர இரண்டு மணி நேரமே இருந்தது. ரொட்டிக்காரனைக் காவலில் எடுக்கலாமா என்று மெல்போவிடம் கேட்டேன். அவர் என் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

“நேத்து நீங்க சொன்னது அறுபது பேருக்குச் சரி,” என்றார். “417-க்குச் சரியில்ல.”

“ஏன்?”

“உங்க பேர்த் திருநாளு உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியுமாவா? என் அம்மா இருந்தவரை மூன்று நாள் முன்பே பாதாம் அரைக்கத் தொடங்கிவிடுவாள்.

“417 என்ன எழுதினாங்க? பெத்த தாய்க்குக்கூடத் தெரியாத தேதின்னு. அது பேர்த் திருநாளா இருந்தா அம்மாவுக்குத்தானே முதல்ல தெரியும்? இவங்க யோர்கிஸும் இல்ல, யோர்கியாவும் இல்ல. ஊருக்கெல்லாம் அது யோர்கிஸோட நாள். இவங்களுக்கு மட்டும் வேற ஏதோ நடந்த நாள். அம்மாகிட்ட சொல்லாத நாள்.”

நான் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன்.

மெல்போ விரல்விட்டுச் சொன்னார். தன் மனசுக்குள் ஒருவர் வைத்திருந்த நாளை இன்னொருவர் முதல் முயற்சியிலேயே அழுத்த வேண்டுமானால், அந்த நாளில் கூட இருந்தவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை அறிவிப்பு போனது ஒரே ஒரு எண்ணுக்கு. மே ஆறு அன்று ஊரே யோர்கிஸ் வீட்டில் இருந்தது. தீவு முழுக்க யார் கண்ணிலும் படாமல் இருவர் சேர்ந்திருக்க வருஷத்திலேயே நல்ல நாள் அது. வராதவர்கள் இரண்டே பேர்.

“அதுல ஒருத்தர் உங்க நோட்டுல இருக்கார். கப்பல் கயிறு வேலைன்னு சொல்லியிருக்கார். மே ஆறு என்ன கிழமை?”

“திங்க...” என்றேன். செவ்வாய், வியாழன், சனி. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கப்பலுக்கு வாரம் மூன்று முறை சல்யூட் அடிக்கிறவன் நான்.

“அப்பறம் அந்த ஜாக்கெட்டு. ரெண்டு நாளா இந்த வெயில்ல ஒரு மனுஷன் ஜாக்கெட்டக் கழட்டலைன்னா, அதுக்குள்ள, வெளிய வைக்க முடியாத ஏதோ ஒண்ணு இருக்கு.”

உறுதிசெய்துகொள்ளக் கீழே இறங்கினோம். மே ஆறு விருந்துக்கு வராதவர்கள் யார் என்று ஸ்டமாட்டாவிடம் கேட்டார் மெல்போ.

“ரெண்டு பேரு. ஒண்ணு இக்னாதிஸ். இன்னொண்ணு...”

மெல்போ கையை உயர்த்தினார். “போதும்மா. எங்களுக்கு ஒரு பேரு போதும்.”

ஸ்டமாட்டா மெல்போவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின் ஜன்னல் வழியே மஞ்சள் அலமாரியைப் பார்த்தார். நாற்பது வருஷமாக ஒரு பெயரையும் விழுங்கியறியாத அந்த அம்மாள், நாக்கு நுனிவரை வந்த ஒன்றை விழுங்கி, தண்ணீர் குடித்தார். எனக்குக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. மெல்போ திரும்பிப் பார்த்தார். ஆசை போய்விட்டது.

காலை 10.25. துறைமுக அலுவலகம். நான் கதவைச் சாத்தினேன். மெல்போ உட்காரவில்லை.

“மே ஆறு,” என்றார்.

இக்னாதிஸ் மறுக்கவில்லை. ஜாக்கெட்டின் ஜிப்பை மெதுவாக இறக்கி, உள்ளேயிருந்து சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். பிரிக்கப்படவில்லை. வியர்வையில் ஓரம் ஊறியிருந்தது.

“திருடணும்னு எடுக்கல,” என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசிய அளவுக்கு அவன் பேசித் தீவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை அறிவிப்பு வந்ததும் யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. அவனுக்கு ஒருவர்தான். 417 என்ற பரிசோதனைப் பெட்டியை அவர் எடுத்துப் போனதை அந்த ஜன்னல் வழியாக அவனே பார்த்திருந்தான். மறுநாள் கப்பலில் அதே எண்ணில் பொட்டலம் வந்தது. அறையில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

“சாத்திட்டுப் போயிருக்கணும். சும்மா அழுத்திப் பாத்தேன். அந்த நாள் எனக்கு மட்டுந்தானா, இல்ல அவங்களுக்கும் அப்படித்தானான்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு. திறக்கும்னு நினைக்கவே இல்ல.” பொட்டலத்தைப் பார்த்தான். “திறந்துடுச்சு.”

அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது கப்பலிலிருந்து கூப்பிட்டார்கள். சட்டென்று ஜாக்கெட்டுக்குள் வைத்தான். திரும்பி வந்தபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டுவிட்டது. நன்றி, மீண்டும் வருக. திருப்பி வைக்க அந்த இயந்திரத்தில் வழியில்லை. நேரில் கொடுத்தால், எனக்குத் தெரியும் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதாக ஆகிவிடும். இரண்டு நாளில் பதினொரு முறை அந்த வீட்டுப் படிவரை ஏறி இறங்கியிருக்கிறான்.

“இந்த ஜன்னல்லேருந்து 417-ஐ மட்டுந்தான் பாத்தீங்களா?” மெல்போ கேட்டார்.

“எல்லாரையுந்தான்.”

“அறுபத்தோரு பேரையுமா?”

“ஆமா.”

“யார்கிட்டயாவது...”

“எதுக்குச் சொல்லணும்?” என்றான், நிஜமாகவே புரியாமல்.

மெல்போ குறிப்பேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, மூடிவைத்துவிட்டார். ஏதென்ஸின் ஏற்பாட்டில் மூன்று மாதமாக ஒரு பெரிய ஓட்டை இருந்திருக்கிறது. அந்த ஓட்டை வாயைத் திறக்கவில்லை.

“இது என்னாலதான் வந்திருக்கும்,” என்றான் இக்னாதிஸ். “குளிர்காலத்துல பிரேயஸ் துறைமுகத்துக்குப் போயிருந்தேன், அங்க ஒரு பழக்கம். அவங்க மேல தப்பு இல்ல.”

“யாரால வந்துச்சுங்கற கேள்வியே எங்க படிவத்துல கிடையாது. நீங்களும் இன்னிக்கே போன்ல பதிவு பண்ணுங்க. டாக்டர் மத்தியானம் உங்ககூடப் பேசுவார். இப்ப வேற வேலை இருக்கு.”

கைப்பேசியை எடுத்து 417-க்கு எழுதினார். எனக்குக் கேட்கும்படி படித்துக்கொண்டே எழுதினார்: ‘உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஊருக்குத் தெரியாது, ஒருவருக்குத்தான் தெரியும். அவரே வந்து சொல்ல விரும்புகிறார். வரலாமா? வேண்டாம் என்றால் வர மாட்டார்.’

10.38-க்கு அனுப்பினார். மூவரும் அந்தத் திரையைப் பார்த்தோம். 10.45. 10.50. இக்னாதிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். முனைக்கு அப்பால் கப்பலின் புகை தெரியத் தொடங்கியது.

10.56. பதில் வந்தது. ‘வரட்டும்.’

“போயி என்னன்னு சொல்ல?” என்றான் இக்னாதிஸ்.

“எப்படித் திறந்துச்சுன்னுதான் கேட்டிருக்காங்க. அத மட்டும் சொல்லுங்க.”

“கப்பல் வருதே. கயிறு யாரு பிடிப்பா?”

“நான் பிடிக்கிறேன்,” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் யோசித்தேன்.

ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, பொட்டலத்தோடு வெளியே போனான். எந்தப் படி ஏறினான் என்று நான் பார்க்கவில்லை. மெல்போ ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தார்.

11.30. கப்பல் வந்தது. முதல் கயிறு என் முகத்தில் விழுந்தது. இரண்டாவது கடலில். பாதிரியார் ப்ரோகோபிஸ் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு உதவிக்கு ஓடிவந்தார். இருவரும் சேர்ந்து கட்டிய முடிச்சைக் கப்பல் மாலுமிகள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அந்த ஜாக்கெட்டுக்குள் தொப்பை பெல்ட்டும் இருந்ததால் நான் அநேகமாக ஆவியாகிக்கொண்டிருந்தேன். முப்பது பேர் இறங்கினார்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டி இறங்கியது. நான் காப்பிக்கடை நாற்காலியில் வந்து விழுந்தேன்.

11.42. மேல்தெருவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெட்டியின் சக்கரங்கள், கல் பாவிய பாதையில், கடகடவென்று துறைமுகத்தை நோக்கி இறங்கி வந்தன.

மெல்போவின் முகம் மாறியது. கடையிலிருந்த பன்னிரண்டு பேரும் வழக்கம்போலச் சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பத் தொடங்கினோம்.

“எல்லாரும் மலையப் பாருங்க,” என்றார் ஸ்டமாட்டா.

கத்தவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்கிற அதே குரல். ஆனால் அந்தக் கடையில் அவர் சொன்னால் சொன்னதுதான். பாதிரியார் திரும்பினார். கப்பலுக்கு ரொட்டி கொடுக்க வந்திருந்த யோர்கிஸ், என்னோடு பேசுவதில்லை என்ற முடிவில் இருந்தவன், நாற்காலியையே தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். கடலுக்கும் அலமாரிக்கும் கப்பலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் வரிசையாக மலையைப் பார்த்தோம். எங்கள் மலையில் பார்க்க ஒன்றுமே கிடையாது. கல்லும் முள்ளும்தான்.

சக்கரச் சத்தம் எங்கள் முதுகைக் கடந்து போயிற்று. கரை ஓரத்தில் நின்றது.

அங்கே யாரோ பேசினார்கள். தாழ்ந்த குரல், சொற்கள் பிடிபடவில்லை. கப்பல் ஒருமுறை ஊதியது. மெல்போ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் பதிந்த இடம் மறுநாள்வரை வலித்தது.

11.55. கப்பல் இரண்டாம் முறை ஊதியது. யாரோ கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது, பழகிய கை, எங்கள் முடிச்சைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, பின் அவிழ்த்தது. இரும்புச் சங்கிலி இழுபட்டது, ஏறுபலகை மூடியது, இயந்திரம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு விலகிப்போனது. அதன் இரைச்சல் அடங்கும்வரை எங்களுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் கேட்டது. அதே சக்கரங்கள். கல் பாதையில், இந்த முறை மெதுவாக, மேல்நோக்கி. பக்கத்தில் இரண்டு ஜோடிக் காலடிகள்.

“இப்பத் திரும்பலாமா?” என்று கிசுகிசுத்தான் யோர்கிஸ்.

“மலையப் பாருடா,” என்றார் ஸ்டமாட்டா.

பார்த்தோம்.